400 பக்கம், 5 அடுக்கு: பக்க மரத்திலிருந்து மெனுவை எடுப்பது எப்படி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இது: ஒரு பொறியியல் கல்லூரியின் இணையதளம், பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும். பக்கங்கள் எல்லாம் ஒரே டேபிளில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஐடி, தலைப்பு, பேரண்ட் ஐடி, அதாவது அது எந்தப் பக்கத்தின் கீழ் வருகிறது என்ற எண். கிட்டத்தட்ட 400 பக்கங்கள், சில இடங்களில் 5 அடுக்கு ஆழம். ரிகர்சிவ் ஃபங்ஷன் (தன்னையே திரும்ப அழைக்கும் ஃபங்ஷன்) ஒன்றை எழுதி மொத்தத்தையும் மெனுவாகக் காட்டுகிறீர்கள். பக்கம் திறக்க நேரமாகிறது, கம்ப்யூட்டரில் மெனு திரைக்கு வெளியே ஓடுகிறது, போனில் எதையும் தேடி எடுக்க முடியவில்லை. 'இந்த ஃபங்ஷனை வேகமாக எழுதுவது எப்படி?' என்று முடித்திருக்கிறீர்கள். அதற்கு உறுதியான விடை உண்டு, கொஞ்ச நேர வேலைதான். ஆனால் வேகம் சரியான பிறகும் மற்ற இரண்டு தொல்லைகளும் அப்படியே இருக்கும். பக்க மரம் முழுவதையும் மெனுவாகக் காட்டத்தான் வேண்டுமா என்பதே உண்மையான கேள்வி. அதற்கான விடையில் பாதி இந்தத் தொழிலில் பல வருடம் பார்த்தது, பாதி என் சொந்த அபிப்பிராயம். எது உறுதி, எது அபிப்பிராயம் என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வேகம். உங்கள் ஃபங்ஷன் ஒவ்வொரு பக்கத்துக்கும் 'இதன் பிள்ளைகள் யார்?' என்று டேட்டாபேஸை ஒரு முறை கேட்கிறது. 400 பக்கம் என்றால் 400 க்வெரி, அதுவும் யாராவது ஒரு பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும். பிள்ளையே இல்லாத பக்கத்துக்கும் கேட்டுத்தான் 'இல்லை' என்று தெரிந்துகொள்கிறது. சரியான வழி, எல்லா வரிகளையும் ஒரே க்வெரியில் எடுத்துவிடுவது. பிறகு ஒரே லூப்பில் அவற்றைப் பேரண்ட் ஐடி வாரியாக ஓர் அர்ரேயில் பிரித்து வையுங்கள்: சாவி பேரண்ட் ஐடி, மதிப்பு அதன் பிள்ளைகளின் பட்டியல். அதற்குப் பிறகு உங்கள் பழைய ரிகர்சிவ் ஃபங்ஷனையே பயன்படுத்தலாம். டேட்டாபேஸைக் கேட்ட இடத்தில் இந்த அர்ரேயைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ரிகர்ஷனில் தப்பே இல்லை, அதன் உள்ளே க்வெரி இருந்ததுதான் தப்பு.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: அந்த ஒரே க்வெரியில் 'எல்லா காலமும்' (காலம் என்பது இங்கே column, டேபிளின் நெடுவரிசை) என்று நட்சத்திரக் குறி போட்டு எடுக்காதீர்கள். பக்கத்தின் உள்ளடக்கமும் அதே டேபிளில் இருந்தால், மெனுவுக்காக 400 கட்டுரைகளையும் மெமரிக்குள் இழுப்பீர்கள். ஐடி, பேரண்ட் ஐடி, மெனு தலைப்பு, முகவரி, வரிசை எண், காட்டலாமா கூடாதா என்ற குறி, இவை போதும். 400 வரிக்கு இது சில பத்து கிலோபைட்தான். இதற்கு மேல் வேகம் வேண்டும் என்று தோன்றினால், முதலில் அளந்து பாருங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

ரிகர்சிவ் க்வெரி பற்றியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். டேட்டாபேஸிடம் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லிலேயே மரத்தை இறங்கிப் படிக்கும் வசதி அது. 1999 தரநிலையில் வந்துவிட்டது. மற்ற டேட்டாபேஸ்களில் போஸ்ட்கிரேஎஸ்க்யூஎல் 2009-இல் 8.4 பதிப்பிலும், எஸ்க்யூலைட் 2014-லிலும் கொண்டுவந்தன. மைஎஸ்க்யூஎல்லில் 2018-இல் வெளியான 8.0-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது, ஆனாலும் மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் அதையே ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு; உங்களிடம் எது என்று முதலில் பாருங்கள். பெரிய மரத்தில் ஒரே ஒரு கிளை மட்டும் வேண்டும் என்றால் ரிகர்சிவ் க்வெரி அருமையான கருவி. 400 வரிக்கு மொத்தமாக எடுத்துப் பிரிப்பதே எளிது, படிக்கவும் புரியும்.

மரத்தை வேறு விதமாகச் சேமிக்கும் முறைகளும் உண்டு. நெஸ்டட் செட் என்பதில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இடது எண், வலது எண் என்று இரண்டு. ஒரு கிளையைப் படிப்பது ஒரே ஒப்பீட்டில் முடியும், ஆனால் நடுவில் ஒரு பக்கத்தை நுழைத்தால் அதற்கு வலப்பக்கம் உள்ள எண்களை எல்லாம் திருத்தி எழுத வேண்டும். இன்னொன்று, ரூட்டிலிருந்து (மரத்தின் உச்சிப் பக்கம்) வரும் பாதையையே ஒரு சரமாக எழுதி வைப்பது. வேக்டெய்ல் என்ற சிஎம்எஸ் (இணையதள உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் மென்பொருள்) இப்படித்தான் செய்கிறது, ஒரு அடுக்குக்கு நான்கு எழுத்து. ட்ரூப்பல் என்ற இன்னொரு சிஎம்எஸ்ஸின் மெனு டேபிளில் முன்னோர்களை எழுத ஒன்பது காலங்கள் இருக்கின்றன, அதனால் அதன் மெனு ஒன்பது அடுக்குக்கு மேல் இறங்காது. உங்கள் அளவுக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். பேரண்ட் ஐடி முறையே போதும், அதை மாற்றச் சொல்லும் யாரையும் 'ஏன்?' என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

அதே நேரம் பேரண்ட் ஐடி முறைக்கு இரண்டு வியாதிகள் உண்டு, இரண்டும் சத்தமில்லாமல் வரும். ஒன்று அநாதைப் பக்கம். யாரோ 'சிவில் துறை' பக்கத்தை நீக்கிவிடுகிறார்கள், அதன் கீழிருந்த 'ஆய்வகங்கள்' பக்கம் இல்லாத பேரண்டைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ரூட்டிலிருந்து இறங்கும் உங்கள் ஃபங்ஷன் அதைத் தொடவே தொடாது. எரர் வராது, மெனுவில் மட்டும் காணாமல் போயிருக்கும். இதற்கு மருந்து ஃபாரின் கீ, அதாவது பேரண்ட் ஐடி உண்மையில் இருக்கும் பக்கத்தையே சுட்ட வேண்டும் என்ற டேட்டாபேஸ் விதி: பிள்ளை இருக்கும் பக்கத்தை நீக்கவிடாமல் டேட்டாபேஸே தடுக்கட்டும். அதற்கு ரூட் பக்கத்தின் பேரண்ட் ஐடி 0 என்று இருக்கக் கூடாது, வெற்றாக, அதாவது நல் என்று இருக்க வேண்டும். 0 என்ற ஐடியில் பக்கம் எதுவும் இல்லாததால் ஃபாரின் கீயைப் போடவே விடாது. நிறையப் பேர் இங்கே சலித்துப்போய் ஃபாரின் கீயையே கைவிட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது வியாதி சுழல். 'தேர்வுகள்' பக்கத்தை அதன் கீழே இருக்கும் 'முடிவுகள்' பக்கத்துக்குக் கீழேயே யாரோ நகர்த்திவிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று பேரண்ட். இதனால் மெனு முடிவில்லாமல் ஓடி சர்வர் படுத்துவிடும் என்று பொதுவாகப் பயமுறுத்துவார்கள். மேலே சொன்னபடி ரூட்டிலிருந்து இறங்கினால் அப்படி ஆகாது. ஒரு பக்கத்துக்கு ஒரே பேரண்ட்தான் என்பதால் சுழலுக்குள் போக ரூட்டிலிருந்து வழியே கிடையாது. அந்தக் கிளை மொத்தமாக மறைந்துபோகும், அவ்வளவுதான். தொங்கிப்போவது எதிர்த் திசையில்: ஒரு பக்கத்திலிருந்து மேலே ஏறி பிரெட்கிரம்ப் (பக்கத்தின் மேலே 'முகப்பு > துறைகள் > சிவில்' என்று காட்டும் வழி) போடும் லூப். அது சுழலுக்குள் மாட்டினால் வெளியே வராது. ஆகவே இரண்டு காவல் போடுங்கள். பக்கத்தை நகர்த்திச் சேமிக்கும்போது, புதிய பேரண்டிலிருந்து மேலே ஏறிப் பார்த்து, வழியில் இதே பக்கம் எதிர்ப்பட்டால் மறுத்துவிடுங்கள். மேலே ஏறும் லூப்புக்கு ஒரு உச்ச வரம்பும் வையுங்கள், 20 அடுக்கு என்று வைத்தாலே தாராளம்.

வரிசை எண்ணை 1, 2, 3 என்று கொடுக்காமல் 10, 20, 30 என்று கொடுத்தால் நடுவில் செருகுவது சுலபம். இது பழைய தந்திரம், இன்றும் வேலை செய்கிறது. அகர வரிசையில் அடுக்க வேண்டிய இடங்கள் வரும்: துறைகள், குழுக்கள், ஊழியர் பட்டியல். தலைப்புகள் தமிழில் இருந்தால் பிஎச்பியின் சாதாரண சார்ட் தமிழ் அகராதி வரிசையைத் தராது. அது யூனிகோட் எண்ணை வைத்து அடுக்குகிறது. யூனிகோடில் ந-வுக்கு அடுத்து ன, அதற்குப் பிறகுதான் ப. ர-வுக்கு அடுத்து ற. வ-வோ ழ-வுக்கும் பின்னால். ன, ற, ழ எல்லாம் சொல்லின் முதலில் வராத எழுத்துகள் என்பதால் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். இரண்டாம் எழுத்திலிருந்துதான் குளறுபடி. புள்ளியும் அப்படியே: அகராதியில் 'அக்கம்' முன்னால், 'அகம்' பின்னால், எண் வரிசையில் தலைகீழ். பிஎச்பியின் இன்டில் எக்ஸ்டென்ஷனில் கொலேட்டர் (மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் கருவி) இருக்கிறது, அதற்குத் தமிழ் மொழியைச் சொல்லிவிட்டால் சரியாக அடுக்கும். பிரவுசரிலும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அதே வசதி உண்டு.

இனி முக்கியமான இடம். பக்க மரம் என்பது எந்தப் பக்கம் எதற்குள் அடங்கும் என்ற பதிவு. வருகிறவருக்கு எதை முதலில் காட்டுவது என்ற முடிவு மெனு. முதலாவதை ஆவணங்களை வைத்துத் தீர்மானிக்கிறோம், இரண்டாவதை ஆட்களை வைத்து. பக்க மரத்திலிருந்து மெனு பிறக்கலாம், பிறக்கவும் வேண்டும். ஆனால் நடுவில் சில முடிவுகள் எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுத இடம் இல்லாததால்தான் உங்கள் மெனு எல்லாவற்றையும் கொட்டுகிறது.

அந்த இடம் மூன்று நான்கு காலங்கள்தான். டைப்போ3 என்ற சிஎம்எஸ் ஜெர்மனி பக்கம் அரசு அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் நிறையப் புழங்குகிறது. அது தொடக்கத்திலிருந்தே பக்க மரத்தை நடுவில் வைத்துக் கட்டப்பட்டது, மெனு விஷயத்தில் நான் பார்த்ததில் தெளிவான ஏற்பாடு அதனுடையது. ஒவ்வொரு பக்கத்துக்கும் 'மெனுவில் மறை' என்று ஒரு குறி. தலைப்பு நீளமாக இருந்தால் மெனுவுக்கென்று தனியாக ஒரு குறுந்தலைப்பு. பக்கத்துக்கு ஒரு வகை: சாதாரணப் பக்கம், வேறு பக்கத்துக்குக் கொண்டுபோகும் ஷார்ட்கட், வெளி இணையதளத்துக்கான இணைப்பு, உள்ளடக்கமே இல்லாமல் பொருட்களை வைக்க மட்டும் பயன்படும் ஃபோல்டர், மெனுவில் கோடு போடும் பிரிப்பான். மெனுவை வரையும்போது ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு நிலை: சாதாரணமானதா, இப்போது திறந்திருப்பதா, திறந்திருப்பதன் முன்னோரா, பிள்ளைகள் உள்ளதா. நீங்கள் டைப்போ3-க்கு மாற வேண்டியதில்லை. இந்தக் காலங்களை உங்கள் டேபிளில் சேர்த்தாலே பாதி வேலை முடிந்தது.

'மறை' என்ற குறியைச் சேர்க்கும் முன் அதன் பொருளை முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் மூன்று வேறு ஆசைகள் அந்த ஒரே பெயரில் வரும். இந்தப் பக்கத்தை மட்டும் மெனுவில் காட்டாதே. இதையும் இதன் கீழ் உள்ள அனைத்தையும் காட்டாதே. இதை யாருமே திறக்கக் கூடாது. முதல் இரண்டும் மெனுவின் வேலை. மூன்றாவது அனுமதியின் வேலை, அதை மெனுவால் செய்ய முடியாது. மெனுவில் இல்லாத பக்கமும் முகவரி தெரிந்தவருக்குத் திறக்கும், கூகுளுக்கும் திறக்கும். டைப்போ3-இலேயே ஒரு பக்கத்தை முடக்கினால் அதன் பிள்ளைகள் தாமாக முடங்காது, 'கீழுள்ளவற்றுக்கும் பொருந்தும்' என்று தனியாக டிக் செய்ய வேண்டும். பக்கங்களை மறைத்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருக்கும் நிறுவனங்களின் பழைய டெண்டர் ஆவணங்கள் தேடலில் கிடைப்பது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தால்தான்.

வேர்ட்பிரஸ் எதிர்ப்பக்கம் போனது. 2010-இல் வந்த 3.0 பதிப்புக்கு முன் அங்கேயும் மெனு பக்கங்களின் படிநிலையிலிருந்துதான் வந்தது. 3.0-இல் மெனுவைத் தனிப் பொருளாக்கிவிட்டார்கள்: நீங்களே இழுத்து அடுக்கலாம், பக்கங்களின் பேரண்ட் எதுவாக இருந்தாலும் மெனுவுக்குக் கவலையில்லை. பத்துப் பன்னிரண்டு பக்கம் உள்ள கடைக்கோ சிறு நிறுவனத்துக்கோ இது வரம். 400 பக்கம் உள்ள இடத்தில் இரண்டு மரங்களைத் தனித்தனியாகப் பராமரிக்க வேண்டியதாகிவிடும். பக்கத்தை நகர்த்தினால் மெனு நகராது. புதிய பக்கம் தானாகச் சேர ஒரு டிக் உண்டு, ஆனால் அது மேல்மட்டப் பக்கங்களுக்கு மட்டும். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் மெனு ஒரு கதை சொல்லும், பிரெட்கிரம்ப் வேறு கதை சொல்லும்.

என் பரிந்துரை இரண்டுக்கும் நடுவே. மேல் பட்டையைக் கையால் தேர்ந்தெடுங்கள்: ஆறு, ஏழு, எட்டு உருப்படி, ஒவ்வொன்றும் மரத்தின் ஒரு கிளையைச் சுட்டட்டும். அதற்குக் கீழே ஒரு அடுக்கு மட்டும் மரத்திலிருந்து தானாக வரட்டும். அதற்கும் கீழே இருப்பவை மேல் மெனுவில் வேண்டவே வேண்டாம்; அந்தப் பிரிவுக்குள் நுழைந்தவருக்குப் பக்கவாட்டு மெனுவாகக் கிடைக்கட்டும். இது நிரூபிக்கப்பட்ட விதி இல்லை, என் கணிப்பு. ஆனால் உள்ளடக்கம் பெருகிக்கொண்டே போகும் நிறுவன இணையதளங்களில் குலையாமல் நிற்பதை நான் பார்த்தது இந்த ஏற்பாடுதான்.

பக்கவாட்டு மெனுவைக் கட்டுவது மேலே செய்த அர்ரேயை வைத்து எளிது. இப்போது திறந்திருக்கும் பக்கத்திலிருந்து பேரண்ட் வழியாக ரூட் வரை ஏறி, வழியில் வந்த ஐடிகளை ஒரு பட்டியலில் போட்டுக்கொள்ளுங்கள். பிரிவின் தலைமைப் பக்கத்திலிருந்து இறங்கி வரைய ஆரம்பியுங்கள்; ஓர் உருப்படி அந்தப் பட்டியலில் இருந்தால் மட்டும் அதன் பிள்ளைகளை விரியுங்கள், இல்லையென்றால் மூடியே விடுங்கள். 5 அடுக்கு ஆழத்திலும் திரையில் இருபது முப்பது இணைப்புகளுக்கு மேல் பொதுவாக வராது. அதே பட்டியலைத் தலைகீழாக்கினால் பிரெட்கிரம்ப். மரத்தை முழுதாக விரித்தால் 'தளவரைபடம்' பக்கம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க விரும்புகிறவருக்கு அதுவே போதும்.

இரண்டு பேரண்ட் கேட்கும் பக்கங்கள் கட்டாயம் வரும். 'விடுதிக் கட்டணம்' சேர்க்கையின் கீழா, விடுதியின் கீழா? ஒரு பக்கத்துக்கு ஒரே பேரண்ட் என்ற விதியை விட்டுக்கொடுக்காதீர்கள். உண்மையான வீடு ஒன்று, மற்ற இடத்தில் ஷார்ட்கட். இதற்கு ஒரு விலை உண்டு: சேர்க்கைப் பிரிவிலிருந்து ஷார்ட்கட்டை அழுத்துகிறவர் திடீரென்று விடுதிப் பிரிவின் பக்கவாட்டு மெனுவைப் பார்ப்பார். சிலர் அதைத் தவிர்க்கப் பக்கத்தை நகலெடுத்து இரண்டு இடத்திலும் வைப்பார்கள். அடுத்த வருடம் கட்டணம் ஒரு நகலில் மட்டும் மாறும், பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். ஷார்ட்கட்டின் தொல்லை எவ்வளவோ மேல்.

எத்தனை உருப்படி வைக்கலாம், எத்தனை ஆழம் போகலாம் என்பதில் நாட்டில் உலவும் விதிகள் பலவும் ஆதாரமில்லாதவை. 'ஏழுக்கு மேல் கூடாது' என்பார்கள். அது 1956-இல் ஜார்ஜ் மில்லர் எழுதிய உளவியல் கட்டுரையிலிருந்து பிடுங்கியது. அவர் பேசியது மனத்தில் ஒரே நேரத்தில் தாங்கி வைத்திருக்கக்கூடியதைப் பற்றி. மெனு கண்ணெதிரே இருக்கிறது, அதை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. 'மூன்று கிளிக்கில் எதுவும் கிடைக்க வேண்டும்' என்ற விதியும் அப்படித்தான். 2003-இல் ஜோஷுவா போர்ட்டர் பயனர் சோதனைத் தரவை வைத்துப் பார்த்தபோது, மூன்றாவது கிளிக்கோடு யாரும் கைவிட்டுப் போவதாகத் தெரியவில்லை. இவற்றைவிட உருப்படியான ஆதாரம் 1998-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த லார்சனும் செர்வின்ஸ்கியும் செய்தது. ஒரே 512 முடிவுப் பக்கங்களை மூன்று விதமாக அடுக்கினார்கள்: மூன்று அடுக்கில் எட்டு எட்டாக, இரண்டு அடுக்கில் 16-க்குள் 32, 32-க்குள் 16. மூன்று அடுக்குதான் மெதுவாக இருந்தது. ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுவது பொதுவாக நல்லது என்ற அளவுக்கு இதை நம்பலாம். 32 உருப்படியை மேல் பட்டையில் வைக்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த ஆய்வு நடந்தது கம்ப்யூட்டர் திரையில், போனில் இல்லை.

உங்கள் மேல் பட்டையில் என்ன இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது, நம் ஊர்க் கல்லூரி இணையதளங்களுக்கு எல்லாம் ஒரே ஜாதகம்தான். எங்களைப் பற்றி, துறைகள், அதற்குப் பிறகு ஐக்யூஏசி, நாக், என்ஐஆர்எஃப், ஏஐசிடிஇ, மேண்டேட்டரி டிஸ்க்ளோஷர், ஆன்டி ராகிங். பெரும்பாலும் தர மதிப்பீடு, அங்கீகாரம், தரவரிசை சார்ந்த பக்கங்கள்; ஆய்வுக் குழு வரும் வருடத்தில் ஒவ்வொன்றாக மேலே ஏறியவை, இறங்கவே இல்லை. கவுன்சலிங் நேரத்தில் வரும் பிளஸ் டூ மாணவரும் அவர் அப்பாவும் தேடுவது கட்டணம், விடுதி, பஸ் ரூட், பிளேஸ்மென்ட். அங்கீகாரம் சார்ந்த பக்கங்கள் தளத்தில் இருந்தே ஆக வேண்டும், அதில் சமரசம் இல்லை. அவற்றையெல்லாம் 'அங்கீகாரமும் வெளிப்படுத்தல்களும்' என்று ஒரே கிளைக்குள் கொண்டுவந்து, ஃபுட்டரிலும் (பக்கத்தின் அடிப்பகுதி) நேரடி இணைப்பு கொடுத்தால் ஆய்வுக்கு வருகிறவர் தவறவிட மாட்டார். முதல் பக்கத்திலேயே இணைப்பு வேண்டும் என்று ஏதாவது சுற்றறிக்கை சொன்னால் அதன் வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். முதல் பக்கத்தின் ஃபுட்டரும் முதல் பக்கம்தான். முதல்வரிடம் இதைப் பேசி ஒப்புக்கொள்ள வைப்பது நிரலைவிடக் கடினமான வேலை, அதற்கு என்னிடம் க்வெரி எதுவும் இல்லை.

அவரைச் சம்மதிக்க வைக்கப் பேச்சைவிடச் சோதனை உதவும். மரத்தை வெறும் எழுத்தாக, டிசைன் எதுவும் இல்லாமல் அச்சடியுங்கள். கல்லூரிக்குப் புதியவர்கள் சிலரிடம் கொடுத்து, 'மறுகூட்டலுக்கு எங்கே விண்ணப்பிப்பது, எந்தக் கிளையில் தேடுவீர்கள்?' என்று கேளுங்கள். தப்பான கிளைக்கு எல்லோரும் ஒரே மாதிரி போனால், அந்தப் பக்கம் அங்கேதான் இருக்க வேண்டும். இதை ட்ரீ டெஸ்டிங் என்பார்கள். எத்தனை பேரிடம் கேட்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் தேவைக்கு, பதில்கள் திரும்பத் திரும்ப ஒன்றாக வர ஆரம்பிக்கும் வரை கேட்டால் போதும் என்பேன். தளத்தில் கூகுள் அனலிடிக்ஸ் இருந்தால் அதையும் பாருங்கள், ஆனால் அது திறக்கப்பட்ட பக்கங்களைத்தான் எண்ணும், தேடிக் கிடைக்காமல் போனவரைப் பற்றிச் சொல்லாது.

திரைப் பக்கத்துக்கு வருகிறேன். இது என் முதன்மைத் துறை இல்லை, ஆனாலும் சில விஷயங்கள் சந்தேகமில்லாதவை. மெனுவை ஒன்றுக்குள் ஒன்றாகப் பட்டியல் டேகுகளிலேயே எழுதுங்கள், வெளியே நேவ் டேக். பார்வையற்றவர் பயன்படுத்தும் ஸ்க்ரீன் ரீடர் 'பட்டியல், ஏழு உருப்படிகள்' என்று சொல்வது அதனால்தான். திறந்திருக்கும் பக்கத்தின் இணைப்புக்கு ஏரியா-கரண்ட் (இதுதான் இப்போதைய பக்கம் என்று ஸ்க்ரீன் ரீடருக்குச் சொல்லும் குறிப்பு) போடுங்கள், முன்னோர்களுக்கு வேண்டாம், அவற்றுக்கு ஒரு சிஎஸ்எஸ் கிளாஸ் போதும். ரோல் மெனு என்று போடச் சொல்லும் பழைய டுட்டோரியல்களைக் கேட்காதீர்கள். அது கம்ப்யூட்டர் மென்பொருளின் மெனுவுக்கானது, போட்டால் அம்புக்குறி விசைகளால் நகர முடியும் என்று ஸ்க்ரீன் ரீடர் எதிர்பார்க்க வைக்கும், உங்கள் மெனுவில் அது நடக்காது.

மவுஸைக் கொண்டுபோனால் மட்டும் திறக்கும் மெனுவை விட்டுவிடுங்கள். போனில் மவுஸ் இல்லை, கீபோர்டில் வருகிறவருக்கும் இல்லை. துணை மெனு உள்ள உருப்படிக்கு இணைப்பு தனி, பக்கத்தில் திறக்கும் பட்டன் தனி. பட்டனில் ஏரியா-எக்ஸ்பேண்டட் (விரிந்ததா, மூடியதா என்று சொல்லும் குறிப்பு) நிலை மாறட்டும். ஹோவரும் கூடவே இருக்கலாம், ஆனால் 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 (இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான வழிகாட்டி) அதற்கு நிபந்தனை போடுகிறது: மவுஸை நகர்த்தாமலே, எஸ்கேப் போன்ற ஒரு வழியில், மூட முடிய வேண்டும், விரிந்த பகுதிக்கு மவுஸை நகர்த்தும்போது மறையக் கூடாது. 2023 அக்டோபரில் வந்த 2.2, அழுத்தும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் வேண்டும் என்கிறது, சில விலக்குகளோடு. போனுக்கு அதைவிடப் பெரிதாக வைத்தால் விரலுக்கு நல்லது.

தமிழ்த் தலைப்புகள் ஆங்கிலத்தைவிட நீளமாக வரும், பட்டை உடையும். பட்டைக்கு நிலையான உயரம் கொடுக்காதீர்கள். 'தொழில்நுட்பம்' போன்ற சொல்லில் மேலே புள்ளியும் கீழே உகரமும் வெட்டுப்படும். 'மாணவர் சேர்க்கை விதிமுறைகளும் கட்டண விவரமும்' என்ற பக்கத்துக்கு மெனுவில் 'சேர்க்கை' போதும், குறுந்தலைப்புக் காலம் அதற்குத்தான். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். தமிழ் எழுத்து முகவரியில் வந்தால் ஒவ்வொரு யூனிகோட் குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். 'சேர்க்கை' என்ற சிறு சொல்லே 72 எழுத்து. வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பார்த்தால் தெரியும்.

கேஷ் (ஒரு முறை தயாரித்ததைச் சேமித்து மீண்டும் பயன்படுத்துவது) வேண்டுமென்றால் மரத்தின் அர்ரேயைச் சேமியுங்கள், வரைந்து முடித்த எச்டிஎம்எல்லைச் சேமிக்காதீர்கள். எச்டிஎம்எல்லைச் சேமித்தால் 'இப்போது திறந்திருப்பது' என்ற அடையாளமும் அதோடு உறைந்துவிடும், நூலகப் பக்கத்தில் நின்றுகொண்டு மெனு 'தேர்வுகள்' என்று காட்டும். ட்ரூப்பல் போன்றவை இதற்காகவே, எந்தக் கிளை திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத் தனித்தனியாகக் கேஷ் செய்கின்றன. ஆசிரியர்கள் லாகின் செய்து பார்க்கும் பக்கங்கள் இருந்தால் ஒவ்வொரு பயனர் வகைக்கும் கேஷ் தனி. இல்லையென்றால் உள் சுற்றறிக்கையின் தலைப்பு வெளியாட்களின் மெனுவில் வந்து நிற்கும்.

மரத்தைச் சீரமைக்கத் தொடங்கினால் பக்கங்கள் இடம் மாறும். உங்கள் முகவரிகள் மரத்தின் பாதையிலிருந்து உருவாகின்றனவா என்று கேள்வியில் இல்லை. அப்படி இருந்தால் ஒரு கிளையை நகர்த்தியதும் அதன் கீழ் உள்ள எல்லா முகவரிகளும் மாறும். கூகுளில் இருப்பதும், பெற்றோர் சேமித்து வைத்ததும், அங்கீகார அறிக்கையில் எழுதிக் கொடுத்ததும் உடையும். நகர்த்தும் முன்பே பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்குத் திருப்பிவிட ஒரு ரீடைரக்ட் டேபிள் போடுங்கள். அதில் பழைய முகவரிக்கு எதிரே புதிய முகவரியை எழுதாமல் பக்கத்தின் ஐடியை எழுதுங்கள்; கோரிக்கை வரும்போது அந்த ஐடியின் இன்றைய முகவரியைக் கண்டுபிடித்து 301 ('நிரந்தரமாக இடம் மாறிவிட்டது' என்ற பதில்) அனுப்பலாம். இரண்டாம் முறை, மூன்றாம் முறை நகர்த்தினாலும் முதல் முகவரியிலிருந்து ஒரே தாவலில் சரியான இடத்துக்குப் போகும். பக்கத்தின் முகவரி மாறும் ஒவ்வொரு முறையும் பழையது தானாக இந்த டேபிளில் விழும்படி சேமிக்கும் ஃபங்ஷனிலேயே எழுதிவிடுங்கள். பேரண்ட் மாறும்போது பிள்ளைகளின் பழைய முகவரிகளும் அதே நேரத்தில் உள்ளே போக வேண்டும். இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.